வளவும் வீடும்: பருத்தித்துறையை முன்வைத்து வீட்டுக் கொள்கைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வடமராட்சியில் வீட்டைப் பற்றிய பேச்சு வளவிலிருந்தே தொடங்கும். வளவு, கிணறு, வேலி, படலை, அதன் பின்னரே வீடு என்பது இங்குள்ள வரிசை. பழைய காணி உறுதிகளை நோக்குவோர் இதனை எளிதில் உணர்வர். காணியின் பெயரும் பரப்பும் நான்கு எல்லைகளும் முதலிற் கூறப்படும். வீடும் கிணறும் வான்பயிரும் செய்பயிரும் அக்காணியுள் அடங்கியனவாகவே பின்னர் எண்ணப்படும். ஆயின், சாதாரண மக்களுக்கு வீடு கைக்கெட்ட வேண்டும் என்று கடந்த முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இலங்கை அரசாங்கங்கள் இயற்றிய சட்டங்களும் வகுத்த திட்டங்களும் பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்கி வீட்டிலேயே முடிந்தன. வளவு யாரிடம் உள்ளது, அது எவ்வாறு கைமாறுகின்றது, என்ன விலைக்குக் கைமாறுகின்றது என்னும் வினாக்கள் அவற்றுட் சரிவர எழுப்பப்படவில்லை. அச்சட்டங்களையும் திட்டங்களையும் பருத்தித்துறை என்னும் ஒரு சிறு பிரதேசத்தின் நிலையிலிருந்து மதிப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வீட்டுக் கொள்கையை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை. அது யாரைக் காக்கின்றது? எதிலிருந்து காக்கின்றது? யாரைத் தன் கணக்கிலேயே சேர்க்கவில்லை? இவற்றுள் மூன்றாவது வினாவே முதன்மையானது. ஏனெனில் ஒரு சட்டத்தின் வாசகம் அது காப்பவரை வெளிப்படையாகக் கூறும், கைவிடுபவரைக் கூறுவதில்லை.

அரசாங்கத் திட்டங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணச் சமுதாயம் தனக்கென ஒரு வீட்டுக் கொள்கையைக் கொண்டிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07 ஆம் ஆண்டுகளிற் தொகுத்தளித்து, பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிப்படுத்திய தேசவழமையே அது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை வகைப்படுத்தியது. இவற்றுட் சீதனம் நமது விடயத்தோடு நேரடித் தொடர்புடையது. வளவையும் வீட்டையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் காரணமாக, புதிதாக மணம் முடித்தோருக்கு வீடு சந்தையிலிருந்து வரவில்லை. பெண்ணின் பெற்றோரிடமிருந்து வந்தது. வாடகைச் சந்தை இங்கு நெடுங்காலம் சிறுத்தே கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். வீட்டின் விலையை அரசு சுமக்கவில்லை, சந்தை சுமக்கவில்லை, குடும்பம் சுமந்தது. தந்தையின் கடனும் தமையன்மாரின் நீண்ட உழைப்பும் அவ்வீடுகளின் அத்திவாரத்தில் உள்ளன என்பதைப் புகழ்ச்சியாக மட்டும் கொள்ளலாகாது. வளவில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இதே வழக்கம் திருமணத் தடையாக அமைந்ததும் இதன் மறுபக்கமாகும்.

தேசவழமையின் இன்னோர் அம்சம், காணியை அயலார் வாங்குமுன் உரித்துடையோர் வாங்குவதற்கான முன்னுரிமையாகும். பழைய தொகுப்பு இவ்வுரிமையை உரித்தாளர், பங்காளர், ஒற்றி பெற்ற அயற்காணிக்காரர் ஆகியோர்க்கு அளித்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இதனைத் தற்கால முறைக்கேற்ப ஒழுங்குபடுத்தி, பங்காளர்க்கும் உரித்தாளர்க்கும் முதலிடம் தந்தது. உள்ளூர்க் காணி உள்ளூரவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்னும் கருத்துக்கு இலங்கைச் சட்டத்திற் காணப்படும் மிகத் தெளிவான வடிவம் இதுவே எனக் கருதுவோர் உளர். அக்கருத்து ஒரு பகுதியே உண்மை. இவ்வுரிமை வாங்குபவரின் வரிசையை மாற்றுகின்றது; விலையை மாற்றவில்லை. பிறன் கொடுக்க முன்வரும் விலையை, அல்லது சந்தை விலையைக் கொடுக்க இயலாத பங்காளிக்கு முன்னுரிமை வெறும் ஏட்டுரிமையே. அத்துடன், அது ஊரவரைக் காக்கவில்லை, உறவினரைக் காத்தது. ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு துண்டுக் காணிக்கும் பங்காளியாகாதவனுக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை.

அவ்வாறு இடமற்றோர் யார்? பிறருடைய காணியிற் குடியிருந்து, அதற்கீடாக உழைப்பையும் ஊழியத்தையும் அளித்து வந்த மக்களே அவர்கள். யாழ்ப்பாணத்தின் சாதியமைப்பைக் காணியமைப்பிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. கே. டானியலின் நாவல்களைக் கற்றோர், ஒடுக்கப்பட்டோர் தலைநிமிரத் துணியும்போதெல்லாம் அவர்கள் குடியிருக்கும் நிலமே அவர்களுக்கு எதிரான ஆயுதமாக மாறுவதை அறிவர். "எழும்பிப் போ" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிய அதிகாரத்தை இலக்கியம் கண்டுகொண்ட அளவுக்குச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

அரசாங்கத்தின் முதற் பெருந் தலையீடு வாடகைக் கட்டுப்பாடாகும். இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில் 1942 ஆம் ஆண்டிற் பிறந்த இக்கட்டுப்பாடு, 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமாகவும், பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமாகவும் வளர்ந்தது. வாடகைக்கு உச்சவரம்பு விதித்தல், குடியிருப்பாளரை எளிதில் வெளியேற்றவொட்டாது தடுத்தல் ஆகியன அதன் இரு தூண்கள். இதனைத் தொடர்ந்து, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை அது வரையறுத்தது. மேலதிக வீடுகளை அரசிடம் சேர்த்து, அவற்றில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை வாங்க வழிசெய்தது. கொழும்பின் தொழிலாளரும் சிற்றுத்தியோகத்தரும் இச்சட்டங்களால் அடைந்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. தலைமுறைகளாக வாடகை செலுத்தி வந்தோர் சொந்தக்காரராயினர். அதே வேளை, வாடகைக்கு வீடு கட்டுவதில் முதலிட்டோர் பின்வாங்கினர் என்பதும் வரலாறே. 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் இக்கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தின.

பருத்தித்துறையைப் பொறுத்தவரை இச்சட்டங்களின் பயன் நகரின் ஒரு சிறு வட்டத்துள் அடங்கியது. துறைமுகத்தை அண்டிய கடைத்தெருவிலும், பாடசாலை ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் வாடகைக்கு இருந்த வீடுகளிலும் அவை செல்லுபடியாயின. தும்பளையிலும் புலோலியிலும் கற்கோவளத்திலும் பிறர் காணியிற் கொட்டில் போட்டிருந்தவர் வாடகைக் குடியிருப்பாளர் அல்லர். அவருக்கு வாடகைப் பற்றுச்சீட்டு இல்லை. செலுத்தியது பணமன்று, உழைப்பு. கொட்டில் அவருடையது, நிலம் மற்றவருடையது. ஆகவே வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவரைத் தொடாது சென்றது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அவ்வாறே. ஒருவருக்கு 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என்பது அச்சட்டத்தின் உச்சவரம்பு. பரப்புக் கணக்கிற் காணி அளக்கும் நாட்டில், பதினாறு பரப்புக் கொண்டது ஒரு ஏக்கர் என எண்ணும் ஊரில், 50 ஏக்கர் உச்சவரம்பு யாரைத் தொடும்? மலையகத் தோட்டங்களையும் தென்னிலங்கைத் தென்னந்தோப்புகளையும் மனத்திற்கொண்டு தைத்த சட்டை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாமற் போனதில் வியப்பில்லை. வியக்கத்தக்கது என்னவெனில், யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் ஒரு சட்டை வேண்டுமென்று நம்மவரும் வற்புறுத்தாமையே.

இதே காலப்பகுதியில் அண்டை நாட்டில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. கேரளத்தில் 1969 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 1970 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்திற் குடிசை கட்டியிருந்த 'குடிகிடப்புக்காரர்' தம் குடியிருப்பு மனையை விலை கொடுத்துப் பெறும் உரிமையைத் தந்தது. கிராமத்திற் பத்துச் சென்ற், நகரங்களில் அதனிலும் குறைவு. அளவு சிறிது, ஆனால் "எழும்பிப் போ" என்ற சொல்லின் வலுவை அது முறித்தது. தமிழ்நாட்டிலும் 1971 ஆம் ஆண்டிற் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழும் விவசாயத் தொழிலாளருக்கும் கிராமக் கைவினைஞருக்கும் உரித்தாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நாம் வாடகைச் சட்டம் பெற்றோம். வீட்டு உச்சவரம்பு பெற்றோம். குடியிருப்பு மனைக்கான சட்டத்தைப் பெறவில்லை. தமிழர் அரசியல் அக்காலத்தில் மொழியுரிமைக்கும் குடியேற்றத் திட்டங்களுக்கும் எதிராக நியாயமான குரல் எழுப்பியது. தமிழர் நிலத்தைக் காக்க வேண்டும் என்றது. அந்நிலத்திற்கு உள்ளே நிலமற்றிருந்த தமிழர் பற்றி அது அதே உரத்த குரலிற் பேசவில்லை.

இவ்விடத்து ஒரு திருத்தம் அவசியம். மேற்போந்த வாக்கியத்தில் மொழியுரிமை எதிர்க்கப்பட்டதாக யாரும் கொள்ளலாகாது. மொழியுரிமைக்காகவும், குடியேற்றத் திட்டங்களுக்கு எதிராகவும் என்றே பொருள் கொள்ளல் வேண்டும். அவ்விரு போராட்டங்களின் நியாயத்தை இக்கட்டுரை ஐயுறவில்லை. அவற்றின் நிறைவின்மையையே சுட்டுகின்றது.

1977 இன் பின் அரசின் அணுகுமுறை மாறியது. கட்டுப்படுத்துவதினின்று கட்டுவதற்கு அது திரும்பியது. 1978 இல் நூறாயிரம் வீடுகள் திட்டமும், 1979 இல் தேசிய வீடமைப்பு அதிகார சபையும், 1984 இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டமும் ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியால் உருவாயின. இவற்றுட் பின்னையது கோட்பாட்டளவில் முன்னேற்றமானது. அரசு வீடு கட்டிக் கொடுப்பதினும், மக்கள் தாமே கட்டுவதற்குச் சிறு கடனும் ஆலோசனையும் அளித்தல் மேல் என்பதே அதன் சாரம். உலகெங்குமுள்ள வீடமைப்பு அறிஞர் அதனைக் கவனித்தனர். இலங்கையின் முன்மொழிவை அடியொற்றி ஐக்கிய நாடுகள் சபை 1987 ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. அதே 1987 ஆம் ஆண்டின் மே மாதம் 26 ஆந் திகதி வடமராட்சி மீதான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. உலகுக்கு உறையுள் ஆண்டை அளித்த அரசின் குண்டுகளால், அவ்வாண்டிலேயே, பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் வீடுகள் இடிந்தன. மக்கள் கோயில்களிலும் பாடசாலைகளிலும் உறங்கினர். ஒரு வீட்டுக் கொள்கையின் தரத்தை அதன் கோட்பாட்டை மட்டும் கொண்டு அளக்க முடியாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

போர்க்காலத்தின் பின்னரும் இடையிலும் வந்தவை புனரமைப்புத் திட்டங்கள். 2004 திசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலை முனைப் பகுதியையும் வடமராட்சி கிழக்கின் கரையூர்களையும் தாக்கியது. கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டலாகாதெனத் தடைவலயம் முதலில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அது தளர்த்தப்பட்டது. பாதுகாப்பு என்னும் நோக்கம் நன்றே. ஆனால் வள்ளமும் வலையும் கரையில் இருக்க, மீனவனின் வீடு மட்டும் உள்ளே பெயர்ந்தால் அவன் தொழிலின் செலவு கூடுகின்றது. விலையின்றிக் கிடைத்த வீடும் அந்நிலையில் மலிவான வீடு ஆகாது. வீட்டின் விலை என்பது கட்டுமானச் செலவு மட்டுமன்று. வீட்டுக்கும் பிழைப்புக்கும் இடையிலுள்ள தூரமும் அதில் அடங்கும்.

உலக வங்கியின் உதவியுடன் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டமும், 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய உதவியிலான 50,000 வீடுகள் திட்டமும் பயனாளியே தன் வீட்டைக் கட்டும் முறையைக் கைக்கொண்டன. இந்திய திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டுமானம் முன்னேறுந்தோறும் பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. ஒப்பந்தகாரரின் இடையீடின்றி மக்கள் தம் விருப்பப்படி கட்டியமை இத்திட்டங்களின் சிறப்பு. இதற்கு மாறாக, 2015-16 இல் முன்வைக்கப்பட்ட 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் திட்டம், ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கணக்கிட்டது. அதன் பாதியளவிற் கல்வீடு கட்டலாம் என்றும், வெப்ப நாட்டுக்கு அது ஒவ்வாது என்றும், உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதில் வேலையில்லை என்றும் எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. மக்கள் கருத்து ஒரு பெருந் திட்டத்தைத் தடுத்து நிறுத்திய அரிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் சிறந்த திட்டங்களுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. வீட்டுக்கான பணத்தைப் பெற வளவு வேண்டும். வளவு தன்னுடையதென்று காட்ட உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும். காணி உள்ளவனுக்கே வீடு. இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவரும், பிரிபடாத பங்கில் வாழ்பவரும் ஒருவாறு வழி கண்டனர். தொடக்கத்திலிருந்தே காணி இல்லாதவர் முகாமிலும் உறவினர் வளவின் மூலையிலும் எஞ்சினர். உதவி நேர்மையாகப் பகிரப்பட்டபோதும், பழைய ஏற்றத்தாழ்வு அதன் ஊடாகவே கடந்து சென்றது.

போரின் முடிவுக்குப் பின் இன்னொரு விசையும் சேர்ந்தது. 1983 இன் பின் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றோரின் பணம் ஊர்க் காணிக்குத் திரும்பியது. பவுணும் டொலரும் கொண்டு விலை பேசுபவரோடு உள்ளூர்ச் சம்பளக்காரர் போட்டியிடுதல் இயலாது. ஒருபுறம் பூட்டிக்கிடக்கும் வீடுகள், மறுபுறம் வீடு தேடும் இளங்குடும்பங்கள் என்னும் காட்சியை எந்த ஒழுங்கையிலும் காணலாம். புலம்பெயர்ந்தோரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது, அது நேர்மையன்று. அவர்களின் பணமே பல வீடுகளைக் கூரையிட்டது. பல சகோதரிகளுக்கு வளவு வாங்கியது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு கொள்வனவும் பாசத்தின் செயல். கூட்டாக நோக்கின் அது ஊரவரின் கைக்கெட்டாத விலை. தனிமனித நன்மைகள் கூடிப் பொதுத் தீமையாகும் இவ்விடத்திலேதான் சட்டம் குறுக்கிட வேண்டும்.

சட்டம் குறுக்கிட்டதா? 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடைசெய்தது. அதன் அளவுகோல் குடியுரிமையே அன்றி வதிவு அன்று. இரட்டைக் குடியுரிமையுடையோர் அத்தடைக்கு உட்படார். கொழும்பிலிருந்து வாங்குபவரும், ஊரில் உறவினர் பெயரில் வாங்குபவரும் அதற்குள் அகப்படுவதில்லை. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் போரினால் தம் காணியை இழந்திருந்தோர்க்கு எதிராக ஆட்சிக்காலக் கணக்கு ஓடாதவாறு காத்தது. இது நியாயமான சட்டம். ஆனால் அது காத்ததும் உரிமையாளரையே. ஆக, 1707 முதல் 2016 வரை, உரிமையாளரை உரிமையாளரிடமிருந்து காக்கும் சட்டங்கள் பல. உரிமையே இல்லாதவனைக் காக்கும் சட்டம் ஒன்றேனும் வடமராட்சியின் மண்ணில் வேரூன்றவில்லை.

இதற்கு விடை அரசே நிலத்தைக் கையேற்றல் என்பர் சிலர். சிங்கப்பூர் 1960 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, 1966 ஆம் ஆண்டின் நிலச் சுவீகரிப்புச் சட்டத்தால் நிலத்தைக் குறைந்த விலையிற் பெற்றுப் பெரும்பான்மைக் குடிமக்களுக்கு வீடு அளித்தது. மலிவான வீட்டின் இரகசியம் மலிவான நிலமே என்பதை அது நிறுவியது. ஆயின் அம்முறையை இங்கு அப்படியே பெயர்த்து நடமுடியாது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டதைக் கண்ட மக்களிடம், அரசு உங்கள் நன்மைக்காகக் காணி எடுக்கும் என்று கூறினால் யார் நம்புவர்? இங்கு காணி சுவீகரிப்பு என்ற சொல்லுக்கு முகாம் என்றே பொருள் படிந்துவிட்டது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அவ்வச்சத்தின் நிழலில் நிலமற்றவரின் கோரிக்கை நிரந்தரமாக ஒத்திவைக்கப்படுவது நியாயமாகாது.

ஆகவே வழி இரண்டுக்கும் இடையிலே தேடப்படல் வேண்டும். முதலாவதாக, நெடுங்காலம் பிறர் காணியிற் குடியிருப்போர்க்கு, கேரளத்தைப் போல, தாம் வாழும் மனையை நியாய விலையிற் பெறும் உரிமை வேண்டும். அவ்விலையின் ஒரு பகுதியை வீடமைப்பு நிதி ஏற்கலாம். இரண்டாவதாக, தேசவழமை தந்த முன்னுரிமையை விரித்து, பங்காளரும் உரித்தாளரும் வாங்காதவிடத்து, மூன்றாவது உரிமையை நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அளிக்கலாம். அவ்வாறு வாங்கும் காணி மறுவிற்பனைக்கன்றி, ஊரில் வதியும் காணியற்றோரின் குடியிருப்புக்கே ஒதுக்கப்படல் வேண்டும். இது பலவந்தச் சுவீகரிப்பன்று. விற்க முன்வந்தவரிடம் சந்தை விலைக்கு வாங்குதல். நம் வழமைக்குப் புறம்பானதும் அன்று. வழமையின் உள்ளே உறவு என்பதை ஊர் என விரித்தலேயாகும். மூன்றாவதாக, பூட்டிய வீடுகளை உரிமையாளரின் உரிமைக்குப் பழுதின்றி, குறித்த தவணைக்கு, எழுத்து உடன்படிக்கையுடன் வாடகைக்கு விடும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றம் ஏற்கலாம். வாடகைக்கு விட்டால் வீடு திரும்பாது என்ற அச்சமே பல வீடுகளைப் பூட்டி வைத்துள்ளது.

இவற்றுக்கு நிதி எங்கே, அதிகாரம் எங்கே என்ற வினா எழும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலிற் சேர்த்தும், அவ்வதிகாரம் முழுமையாகக் கையளிக்கப்படவில்லை. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது. காணி அதிகாரத்தைக் கோருவது நமது அரசியலின் நிலையான கோரிக்கை. அவ்வதிகாரம் கிடைத்தால் அதனைக் கொண்டு முதலிற் செய்யப்போவது யாது என்பதை நாம் இன்னும் தெளிவாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தல் பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்று. எத்தனை குடும்பங்கள் பிறர் காணியில் வாழ்கின்றன, எத்தனை வீடுகள் பூட்டியுள்ளன, ஒரு பரப்பின் விலை ஓர் ஆசிரியரின் எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பனவற்றை ஊர் ஊராகக் கணக்கெடுத்தல் மாணவர் சங்கங்களாலேயே ஆகக்கூடிய பணி.

தும்பளை வீதியில் தெருவையே கூரையிட்டு மூடி நிற்கும் தெருமூடிமடத்தை நம் முன்னோர் வழிப்போக்கருக்காகக் கட்டினர். ஓர் இரவு தங்க வந்தவனிடம் உறுதி எங்கே என்று கேட்பதற்காக அம்மடம் கட்டப்படவில்லை. வழிப்போக்கருக்கு அத்தகைய நிழலை நினைத்த ஊர், தன் மண்ணிலேயே பிறந்து உழைத்து வாழ்பவருக்கு ஒரு மனைத்துண்டை உறுதிசெய்ய இயலாததன்று. அதற்கான சட்டத்தை வரைய வேண்டியவர்கள் இன்னும் வரையவில்லை. கேட்க வேண்டியவர்கள் இன்னும் போதிய உரத்துக் கேட்கவில்லை.